அரைமுறுவல் நீக்கப்பட்ட விதம்

எங்கள் அருங்காட்சியகத்தில் பண்டைக்காலம் ஒரு புதன்கிழமை பிற்பகல் மூன்றேகால் மணிக்கு முடிந்தது. கூட்டக் குறிப்பைத் தட்டச்சு செய்தவன் நான், அதனால் நேரம் துல்லியமாகத் தெரியும்.

அதுவரை எங்களுக்கு இரண்டு கூடங்கள் இருந்தன. காவலர்கள் அவற்றை உள் ரூம், வெளி ரூம் என்று சொல்லிக்கொண்டு நிம்மதியாக வேலை பார்த்தார்கள். பிறகுதான் 'பண்டைக்கால, இடைக்காலக் கலையின் முதன்மைச் சொற்கள் நிர்ணயக் குழு' என்று ஒன்று அமைக்கப்பட்டது. பண்டைக்காலம் எங்கே முடிகிறது, இடைக்காலம் எங்கே தொடங்குகிறது என்று அவர்கள் மூன்று வருடம் சண்டை போட்டார்கள். அந்தப் புதன்கிழமை தேநீர் வரத் தாமதமாயிற்று. பசி மிகுந்த நேரத்தில் இயக்குநர் எழுந்து, "அரைமுறுவல்தான் எல்லை" என்றார். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். தேநீரும் வந்துவிட்டது.

அரைமுறுவல் என்றால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் குழுவில் அப்படிக் கேட்க முடியாது, நீங்கள் கேட்கலாம். எங்களிடம் ஒரு கல் தலை உண்டு. உடம்பு கிடைக்கவில்லை. அந்த முகத்தில் வலப்பக்க உதடு மட்டும் மேலே ஏறிச் சிரிக்கும், இடப்பக்க உதடு இறுக்கி மூடியிருக்கும். இயக்குநர் இளைஞராக இருந்தபோது அந்தச் சிரிப்பைப் பற்றி அறுநூறு பக்கத்துக்கு ஆராய்ச்சி எழுதி முனைவரானார். இடது உதடு, அழிந்துகொண்டிருந்த பண்டைக்காலத்துக்காக வருந்துகிறது. வலது உதடு, வரப்போகும் இடைக்காலத்தை வரவேற்கிறது. இதுதான் அறுநூறு பக்கத்தின் சாரம். மிச்சமெல்லாம் மேற்கோள்.

ஆகவே அந்தத் தலையை இரண்டு கூடங்களுக்கும் நடுவில் வாசற்படியில் நிறுத்தினார்கள். கதவைச் சாத்த முடியாமல் போயிற்று. ஏசி காற்று இடைக்காலத்திலிருந்து பண்டைக்காலத்துக்குப் போய்க்கொண்டேயிருந்தது. பாதி முகத்துக்கு ஒருவர் வீதம் இரண்டு காவலர்கள் நியமிக்கப்பட்டார்கள்.

இயக்குநருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் அகராதியார். குழுவின் செயலாளர், யார் எதைச் சொன்னாலும் கீழே ஒரு வரி சேர்ப்பவர். அவர் பெயர் அடிக்குறிப்பு. நான் மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தட்டச்சு செய்பவன். எனக்குப் பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

குழுவில் எழுதப்படாத விதி ஒன்று இருந்தது. ஒரு சொல்லுக்கு அர்த்தம் என்னவென்று யாரும் கேட்கக் கூடாது. புதிதாக வந்த உறுப்பினர் ஒருவர் ஒரு முறை கேட்டுவிட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அடுத்த கூட்டத்தில் அவருக்கு நாற்காலி போடவில்லை.

இந்த விதியின் பலத்தை நான் என் நாற்காலி விஷயத்தில் தெரிந்துகொண்டேன். அதன் ஒரு கால் ஆடியது. மாற்றித் தரும்படி ஒரு வரி எழுதி, தவறுதலாகச் சொற்பட்டியல் கோப்பிலேயே வைத்துவிட்டேன். மறுநாள் 'ஆடுகால் இருக்கை' என்று அது நூற்றறுபத்தொன்றாம் சொல்லாக வாசிக்கப்பட்டது. இரண்டு மணி நேரம் விவாதம். அடிக்குறிப்பு அதைப் பண்டைக்காலம் என்றார். அகராதியார், "கால் ஆடுதுன்னாலே நிச்சயமின்மை. நிச்சயமின்மை இடைக்காலத்தோட ஆன்மா" என்றார். சொல் ஏகமனதாக நிறைவேறியது. எடுத்துக்காட்டு வேண்டுமென்று என் நாற்காலியையே தூக்கிக்கொண்டு போய் எண் போட்டு, கயிறு கட்டி வைத்தார்கள். அது இன்றைக்கும் இடைக்காலத்தில்தான் இருக்கிறது. நான் ஸ்டூலில் இருக்கிறேன்.

பிறகு சுற்றறிக்கை வந்தது. ஊழியர்கள் எல்லோரும் இனி நிர்ணயிக்கப்பட்ட சொற்களில் மட்டுமே பேசவும் எழுதவும் வேண்டும். பட்டியலில் இல்லாத பொருள் அருங்காட்சியகத்தில் இல்லாததாகக் கருதப்படும். கூட்டிப் பெருக்கும் அம்மா தூசியை 'காலப்படிவு' என்று சொல்ல வேண்டும். காலப்படிவை அகற்ற மூன்று கையெழுத்து வேண்டும் என்பதால் அவர் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். மழையில் பண்டைக்காலக் கூடம் ஒழுகியபோது காவலர், "மேல ஓட்டை சார்" என்று எழுதிக் கொடுத்தார். 'மேல', 'ஓட்டை' இரண்டும் பட்டியலில் இல்லையென்று புகார் திரும்பி வந்தது. அவர் தலையைச் சொறிந்து, 'விதானத் துளை' என்று மாற்றி எழுதினார். அழகான சொல் என்று குழு அதை ஏற்றுக்கொண்டது, ஒளி வருவதற்காகப் பழங்காலத்தவர் விட்ட திறப்பு என்று விளக்கமும் கொடுத்தது. அதை அடைப்பது குற்றமாயிற்று. இப்போது அதன் கீழே ஒரு வாளி இருக்கிறது. வாளிக்குச் சொல் கிடைக்காததால் பார்வையாளர்கள் அதைப் பார்க்கக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறோம்.

இதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒட்டம்மா விஷயம் வரும்வரை.

ஒட்டம்மா எங்கள் பழுதுபார்க்கும் அறையில் இருபத்தாறு வருடமாக இருந்தவர். உடைந்த மூக்கு, கழன்ற கை, பத்துத் துண்டாக வந்த பானை, எதைக் கொடுத்தாலும் ஒட்டுவார். நான் அவரை அக்கா என்பேன். அவருடைய கணவர் அங்கேயே பெட்டி அறையில் தச்சர். சிலைகளை வெளியூர் அனுப்ப மரப்பெட்டி அடிப்பவர். எப்போதும் வாயின் இடது ஓரத்தில் நாலைந்து ஆணியைக் கவ்விக்கொண்டிருப்பார். ஆணி விழுந்துவிடாமல் அந்தப் பக்கத்தை இறுக்கி மூடிக்கொண்டு, வலப்பக்கத்தால் மட்டும் சிரிப்பார்.

இப்போது புரிந்திருக்கும்.

அந்தக் கல் தலை மண்ணிலிருந்து வந்தபோதே அதற்கு வாய் கிடையாது. அந்த இடம் முழுவதும் பெயர்ந்து போயிருந்தது. அப்போதிருந்த பழைய இயக்குநர், "வாயில்லாம நிக்கிறது நல்லா இல்லம்மா, ஏதாவது வச்சு அடைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அக்கா சுண்ணாம்புச் சுதை குழைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிரே பெட்டி அறை. அங்கிருந்த கணவர் ஆணியைக் கவ்விக்கொண்டு இவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். ஒரே பிற்பகலில் வேலை முடிந்தது. பழுது நோட்டில் அக்கா எழுதி வைத்தார்: 'தலை. வாய் இல்லை. சுதையில் செய்தது. மாதிரி: பெட்டி அறை.' இருபத்திரண்டு வருடமாக அந்த வரி அங்கேயே இருக்கிறது. சாதாரண வார்த்தையில் இருந்ததால் ஆராய்ச்சியாளர் யாரும் அதைப் படிக்கவில்லை.

தச்சர் இறந்து நான்கு வருடமாகிறது. புகைப்படங்களில் எல்லாம் அவர் விறைத்துக்கொண்டு நிற்பார். சிரிக்கிற படம் ஒன்றுகூட இல்லை. அக்கா தினமும் காலையில் கூடம் திறப்பதற்கு முன் பத்து நிமிடம் அந்தத் தலையை மெல்லிய தூரிகையால் துடைப்பார். துடைக்க அதில் ஒன்றும் இருக்காது. அது எனக்கும் தெரியும், காவலர்களுக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

குழு, கல்லைத் தொடும் எல்லோருக்கும் கலைச்சொல் தேர்வு வைத்தது. அக்காவின் நேர்முகத்துக்கு நான்தான் குறிப்பெடுத்தேன்.

"அரைமுறுவல். வரையறுக்கவும்" என்றார் அகராதியார்.

"அது வந்து சார், அவரு இடப்பக்கம் ஆணி வச்சிருப்பாரு. விழுந்துடக் கூடாதேன்னு அந்தப் பக்கத்த இறுக்கிக்குவாரு. அதனால வலப்பக்கம் மட்டும்தான் சிரிப்பு வரும்."

"எவரு?"

"எங்க வீட்டுக்காரரு சார். பெட்டி அறையில இருந்தாரே."

அடிக்குறிப்பு விழுந்து விழுந்து சிரித்தார். "அம்மா, இந்தச் சிலைக்கு ஆயிரத்து நானூறு வயசு."

"சிலைக்கு சார். உதட்டுக்கு இருபத்திரண்டு."

அகராதியார் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் சொற்பொழிவு என்று அர்த்தம்.

"உங்களுக்குக் கல்லு தெரியலாம்மா. கலை தெரியாது. நான் இந்த முறுவலைப் பத்தி அறுநூறு பக்கம் எழுதியிருக்கேன். எழுதினப்பவும் சரி, இன்னிக்கு வரைக்கும் சரி, ஒரு தடவைகூட அதை நேர்ல பார்க்கல. ஏன்? நேர்ல பார்த்தா மனசு இளகிடும், பாரபட்சம் வந்துடும். போட்டோ போதும். அதுவும் மங்கலான போட்டோவா இருந்தா இன்னும் நல்லது, சிந்தனைக்கு இடம் இருக்கும். தொட்டுப் பார்த்தவங்க யாராவது பெரிய ஆய்வாளர் ஆனதா சரித்திரம் உண்டா?"

"இல்லை, இருக்கவும் முடியாது" என்று அடிக்குறிப்பு சேர்த்தார்.

அக்காவுக்குப் பூஜ்யம் போட்டார்கள். 'தகவல் பிழை, நடை சாதாரணம்' என்ற குறிப்பையும் என் கையாலேயே தட்டச்சு செய்ய வைத்தார்கள். மறுநாளே மாற்றல் ஆணை. பார்வையாளர்கள் உள்ளே வரும்போது பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கும் கவுண்டர். கூடத்துக்குள் காலெடுத்து வைக்க அனுமதி இல்லை.

ஒரு வாரம் கழித்து டோக்கன் கவுண்டருக்குப் போனேன். அக்கா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"தம்பி, வேலை போனாப் போவுது. அந்த மொகத்த ஒரு தடவ பாத்துட்டு வர்றேன்னு கேட்டேன். டிக்கெட் எடுத்துட்டு வரச் சொன்னாங்க. எடுத்துட்டுப் போனா, ஊழியருக்கு டிக்கெட் செல்லாதாம்."

 பழி வாங்க வேண்டும் என்றே தோன்றியது. அதை மறைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்கள், பொறுத்துக்கொண்டேன். இது அப்படியில்லை.

அன்று மாலை சொற்பட்டியலை முதலிலிருந்து படித்தேன். ஒன்பது முறை தட்டச்சு செய்திருந்தும் அப்போதுதான் முதல் தடவையாகப் படித்தேன். தொண்ணூற்றேழாம் பக்கத்தில் கையை வைத்தேன். 'பிற்சேர்க்கை: ஒரு கலைப்பொருளில் பின்னால் சேர்க்கப்பட்டது. இது அகற்றப்பட வேண்டும். சேர்த்தவரே அகற்ற வேண்டும். அகற்றப்பட்டது அருங்காட்சியகச் சொத்து ஆகாது. சேர்த்தவர் எடுத்துச் செல்லலாம்.' இந்த விதியை நிறைவேற்றிய நாளில் அகராதியார் மேசையைத் தட்டிப் பேசியதும் குறிப்பில் இருந்தது: "பின்னாடி ஒட்டினதெல்லாம் பொய்! பொய்ய ஒட்டினவனே உரிச்சிட்டுப் போகட்டும்!"

மறுநாள் ஒரு ஆணை தயாரித்தேன். அதில் ஒரு சாதாரணச் சொல்கூட இல்லாமல் பார்த்துக்கொண்டேன். அந்தத் தலைக்குக் குழு நிர்ணயித்த சொல் 'எல்லைப்படிமம்', வாய்க்கு 'வதனக் கீழ்த்திறப்பு'. இரண்டாவது, இருநூற்றுப் பதினோராம் கூட்டத்தில் அகராதியாரே முன்மொழிந்தது. ஆணை இப்படி இருந்தது: 'எல்லைப்படிமத்தின் வதனக் கீழ்த்திறப்பில் உள்ள சுதைப் பிற்சேர்க்கையை, பக்கம் தொண்ணூற்றேழின்படி, சேர்த்தவர் கையாலேயே, ஒரு முறை மட்டும், பெயர்த்தெடுத்து உரிமைகொள்ள ஆணையிடப்படுகிறது.'

அகராதியார் வாங்கிப் படித்தார். கண் 'வதனக் கீழ்த்திறப்பு' வரை வந்து நின்றது. நகரவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் பெற்ற சொல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. கேட்க வேண்டுமானால் என்னைத்தான் கேட்க வேண்டும், ஸ்டூலில் உட்காரும் தட்டச்சனை. பக்கத்தில் அடிக்குறிப்பு வேறு நின்றுகொண்டிருந்தார்.

"நல்ல நடை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

"தேவையான ஆணையும்கூட" என்று அடிக்குறிப்பும் கீழே போட்டார்.

விடுமுறை நாளில் அக்கா கருவிப் பெட்டியோடு வந்தார். காவலர்கள் இரண்டு பேரும் ஆணையைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு வழி விட்டார்கள். அக்கா பஞ்சை அசிட்டோனில் நனைத்தார். நகப்பூச்சு அழிக்கிற வாசனை இரண்டு காலங்களிலும் பரவியது. ஒட்டுகிற எதையும் திரும்ப எடுக்கும்படிதான் ஒட்ட வேண்டும் என்பது அக்காவின் பழக்கம். கல்லுக்கும் சுதைக்கும் நடுவில் ஒரு மெல்லிய பிசின் பூச்சு வைத்திருந்தார். அது இளகும்வரை பொறுமையாக ஒற்றி ஒற்றி எடுத்தார்.

"கை நடுங்குதா அக்கா?"

"நடுங்கல. ஒட்டுறப்பதான் நடுங்குச்சு. எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாரு."

உதடு ஒரே துண்டாக உள்ளங்கையில் வந்து விழுந்தது. சுதையில் ஒரு விரிசல்கூட இல்லை. அதைப் பஞ்சில் வைத்து ஒரு டிபன் டப்பாவில் மூடினார். கல்லைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, விழாவுக்காக வைத்திருந்த பட்டுத் துணியால் போர்த்தினார். மறுநாள் சொற்பட்டியல் நூல் வெளியீடு. அட்டைப்படத்தில் அதே சிரிப்பு.

தலை நின்ற வாசற்படியை ஒட்டியே மேடை போட்டிருந்தார்கள். விழாவுக்கு வெளியூர் அறிஞர்களும் துறையின் மேலதிகாரியும் வந்திருந்தார்கள். அகராதியார் கூட்டத்தைப் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டித் துணியை இழுத்தார். நேரில் பார்ப்பதில்லை என்பது அவர் கொள்கை.

"இந்த முறுவலைப் பாருங்க! இதை நான் கண்டுபிடிக்கலைன்னா உங்களுக்கெல்லாம் இடைக்காலமே கிடையாது! நீங்கள்லாம் இன்னும் பண்டைக்காலத்துலயே உக்காந்திருப்பீங்க!"

முன்வரிசையில் அறிஞர்கள் வாயில்லாத முகத்தைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் மெதுவாகத் தலையாட்டினார். உடனே எல்லோரும் தலையாட்டினார்கள். தனக்கு மட்டும் தெரியவில்லை என்று காட்டிக்கொள்ள அங்கே ஒருவரும் தயாராக இல்லை. இருபது நிமிடம் இப்படியே போயிருக்கும். புகைப்படக்காரருக்குத்தான் பொறுமை போயிற்று. அவருக்கு முனைவர் பட்டமெல்லாம் கிடையாது.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சிரிப்பு தெரியல."

அகராதியார் தள்ளி நின்றார்.

"இன்னும் தெரியல சார்."

இன்னும் தள்ளினார். மேடை ஓரத்துக்கே வந்துவிட்டார்.

"சார், நீங்க மறைக்கல. அங்க சிரிப்பே இல்ல."

அப்போதுதான் அவர் திரும்பினார். தன் ஆராய்ச்சியை முதன்முறையாக நேரில் பார்த்தார். மேலதிகாரி அட்டைப்படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "யார் எடுத்தது?" என்றார். நான் ஆணையை நீட்டினேன். அவர் சொல் தெரியாதவர், ஆனால் கூச்சமும் இல்லாதவர். "வதனக் கீழ்த்திறப்புன்னா என்னய்யா?" என்று உரக்கக் கேட்டார்.

"வாய் சார்" என்றேன். அந்தக் கட்டடத்தில் பல வருடத்துக்குப் பிறகு ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தது. பழுது நோட்டையும் பக்கத்தில் விரித்து வைத்தேன்.

அகராதியார் மாட்டிக்கொண்டார். எடுத்தது தவறு என்றால், அது பழமையான உதடு என்று நிரூபிக்க வேண்டும். நோட்டு விடாது. எடுத்தது சரி என்றால், அது சுதை. அறுநூறு பக்கமும் பட்டமும் ஒரு தச்சரின் ஆணியில் தொங்கும். ஆணையிலோ அவருடைய கையெழுத்து அழகாக விழுந்திருந்தது.

அன்று பிற்பகல் அவர் பை கவுண்டருக்கு வந்தார். வரிசையில் நின்று வந்தார். நான் அவருக்குப் பின்னால் கோப்பைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அந்தக் காட்சியை விட எனக்கு மனமில்லை.

"பை இருக்கா சார்?" என்றார் அக்கா.

"அம்மா... அதத் திரும்ப வச்சிடுங்க."

"எத சார்?"

"அதான்... அந்த எல்லைப்படிமப் பிற்..."

"எனக்கு அதெல்லாம் வராது சார். சாதாரணமா சொல்லுங்க."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அகராதியார் குரலைத் தாழ்த்தினார்.

"உதடு. சுதை உதடு."

"யாரோடது சார்?"

வரிசையை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "உங்க வீட்டுக்காரரோடது."

"ஆணி எந்தப் பக்கம் சார்?"

"இடப்பக்கம்."

"சரியாச் சொல்லிட்டீங்க. நீங்க பாஸ்" என்றார் அக்கா. "ஆனா நான் ஃபெயில் சார். கல்லத் தொடக் கூடாது. ஆர்டர்ல ஒரு தடவதான்னு போட்டிருக்கு, அதுவும் முடிஞ்சுபோச்சு. அடுத்தவங்க வாங்க."

டிபன் டப்பா அவருக்குப் பின்னால் பதினேழாம் எண் தட்டில் இருந்தது. அகராதியார் அதைப் பார்த்துக்கொண்டேதான் நின்றிருந்தார்.

எல்லைக்கு ஆதாரம் போனதால், பண்டைக்காலம் முடிந்ததற்கான தீர்மானத்தை ரத்து செய்து அன்று மாலையே நான் தட்டச்சு செய்தேன். மேலதிகாரி நின்று வாங்கினார். புதிய இயக்குநர் வரும்வரை இரண்டு கூடமும் உள் ரூம், வெளி ரூம். தலையை வாசலிலிருந்து நகர்த்தியதும் கதவு சாத்திக்கொண்டது. அகராதியாருக்குப் பதவியும் தனியறையும் போயிற்று, அவர் மறுபடி தேர்வு எழுதித் தேறும்வரை சொற்பட்டியலைப் பிழைதிருத்த வேண்டும். உட்கார இடைக்காலத்திலிருந்து என் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டேன். கால் அப்படியே ஆடுகிறது. மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்திருக்கிறார், பட்டியலில் உள்ள சொல்லாக இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மணி அடித்ததும் அக்காவும் நானும் ஒன்றாகவே வெளியே வந்தோம். வெளிவாசலில் பையைச் சோதிக்கும் காவலர் நிறுத்தினார். டப்பாவைத் தொட்டார்.

"என்னம்மா இதுல?"

"எங்க வீட்டுக்காரரு."

அவர் டப்பாவைத் திறந்து பார்த்தார். பெட்டி அறைக்குப் பக்கத்திலேயே பத்து வருடம் நின்றவர் அவர். மூடியை மெதுவாகச் சாத்தினார். வேலை வேலைதான் என்று புதிய நூலை எடுத்து, நானூற்றுப் பன்னிரண்டு சொல்லிலும் விரலை ஓட்டித் தேடினார். வீட்டுக்காரர் என்ற சொல் இல்லை.

"பட்டியல்ல இல்லாதது உள்ள இருந்திருக்கவே முடியாது. சுற்றறிக்கை அப்படித்தான் சொல்லுது" என்று கதவைத் திறந்துவிட்டார். "போயிட்டு வாங்க, ரெண்டு பேரும்."

நான் மூன்றாவதாக வெளியே வந்தேன்.